சூளையின் சாட்சி

விருத்தாசலத்துத் தொழிற்பேட்டையில் பீங்கான் சூளை வைத்து நடத்தும் நண்பர் ஒருவரைக் காணச் செல்லும்போதெல்லாம், பேச்சு மழையைப் பற்றித் தொடங்கினாலும் மக்களின் கல்யாணத்தைப் பற்றித் தொடங்கினாலும், சிறிது நேரத்திற்கெல்லாம் என் பார்வை அவருடைய மேஜை ஓரத்தில் கிடக்கும் வளைந்த சிறு கூம்புகளின்மேல் போய்த் தங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. விரலளவே நீளமுள்ள அந்தக் கூம்புகள், கலங்கள் எவ்வகைப் பொருள்களால் ஆகின்றனவோ அவ்வகைப் பொருள்களையே கணக்கிட்டுக் கலந்து செய்யப்படுபவை; ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஹெர்மன் சேகர் 1886-ஆம் ஆண்டு வாக்கில் பெர்லின் நகரத்தில் இவற்றை வகுத்துக் கொடுத்தமையால் இன்றும் சேகர் கூம்பு என்றே வழங்குகின்றன. வேண்டிய வெப்பத்துக்குச் சற்று முன்பே வளைவது ஒன்று, அந்த வெப்பத்தில் வளைவது ஒன்று, அதற்கு மேற்சென்றால் மாத்திரம் வளைவது ஒன்று என மூன்று கூம்புகளைச் சூளையின் பார்வைத் துவாரத்துக்கு நேரே நிறுத்திவிடுவார்கள். முதலாவது குனிந்து படுக்கும். நடுக்கூம்பு மெல்லத் தலைசாய்ந்து நுனியால் தரையைத் தொடும். மூன்றாவது நிமிர்ந்தபடியே நிற்கும். அந்தக் கணத்தில் நெருப்பை நிறுத்த வேண்டும் என்பது தொழிலின் நியதி.

ஒரு கார்த்திகை மாதத்துக்கு முன்பு, அகல்விளக்குகளுக்கு ஏராளமான தேவை இருந்த சமயத்தில், நடுக்கூம்பு வளையாமலே ஒரு சூளை ஆறிப்போயிற்று. கதவுச் செங்கற்களைப் பிரித்தபோது நான் அருகில் இருந்தேன். மேனியில் பளபளப்பு ஏறாமல் சாம்பல் பூத்தாற்போலக் கிடந்த அகல்களைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதைத்தது. ஆனால் நண்பர் அகல்களைத் தொடவும் இல்லை. அவற்றை அடுக்கிய தொழிலாளியை அழைத்துக் கடிந்துகொள்ளவும் இல்லை. எரிவாய் அடைபட்டிருந்ததா, காற்றுப்போக்கு எவ்விடத்தில் தடைப்பட்டது, கதவு பூசிய மண்ணில் வெடிப்பு விழுந்திருந்ததா, முந்தின வாரத்து மழையில் சூளையின் அடித்தளம் ஈரம் உறிஞ்சியிருந்ததா என்று சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் கேட்டதற்கு, "கூம்பு சூளையப் பத்தித்தான் சார் சொல்லும். அகல் நல்ல அகலா கெட்ட அகலான்னு அதுக்குத் தெரியாது" என்றார். முப்பத்திரண்டு ஆண்டுக்காலம் இவ்வட்டாரத்துக் கிராமப்புறப் பள்ளிகளில் கணக்கு உபாத்தியாயராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பரீட்சை என்னும் ஸ்தாபனத்தைப் பற்றி அவ்வளவு நேராக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

வெளியூர் வாசகர்களுக்காக ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். திருமுதுகுன்றம், பழமலை என்னும் பழம்பெயர்களை உடைய இந்நகரம் மணிமுத்தாற்றங்கரையில் இருக்கிறது. அண்டையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்கும்போது உடன் வெளிப்படும் களிமண், பீங்கான் தொழிலுக்கு ஏற்றதாக இருந்தபடியால், இங்கே செராமிக் தொழிற்பேட்டை ஒன்று அமைந்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிலையமும் அமைந்தது. பியூஸ் கட்டைகளும் ஜாடிகளும் பொம்மைகளும் அகல்களும் இங்கிருந்து பல ஊர்களுக்குப் போகின்றன. நகரத்தை விட்டு நாலைந்து மைல் எந்தத் திசையில் சென்றாலும் செம்மண். செம்மண்ணில் முந்திரித் தோப்புகள், மணிலாக் கொல்லைகள், நீர் உள்ள இடங்களில் கரும்பு. முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலமாகிய பங்குனி சித்திரையும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சு ஏப்ரலும் ஒன்றே என்பதை, இப்பக்கத்துப் பள்ளிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் எவரும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தோப்பைக் காவல் எடுத்த குடும்பத்தில் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளையின் இரண்டு கைகளும் கணக்கில் சேர்ந்தவை.

கிராமத்து உயர்நிலைப் பள்ளி எதற்குள் நுழைந்தாலும், தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒரு பலகை தொங்கும். ஆண்டு, எழுதியோர், தேறியோர், விழுக்காடு என்று நான்கு கட்டங்கள். கணக்கு வாத்தியாராகிய எனக்கு அந்த நான்காவது கட்டத்தின்மேல் ஆரம்பம் முதலே ஒரு மனத்தாங்கல் உண்டு. பன்னிரண்டு பேர் பரீட்சை எழுதும் பள்ளியில் ஒருவன் தவறினால் தேர்ச்சி 91.67, இருவர் தவறினால் 83.33. நானூறு பேர் எழுதும் நகரத்துப் பள்ளியிலோ ஒருவன் தவறினால் 99.75 என்று ஆகும். அங்கே அந்தப் பையன் தசமப் புள்ளிக்குப் பின்னே மறைந்துவிடுகிறான். பரீட்சைக்கு முந்தின இரவு வீட்டில் ஒரு சாவு விழுந்ததும், தகப்பன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போனதும், மரத்திலிருந்து விழுந்து ஒருவன் கை முறிந்ததும் சிறிய பள்ளியின் பலகையில் எட்டு எட்டு விழுக்காடாகப் பதிவாகும். ஒரு நாணயத்தைப் பன்னிரண்டு முறை சுண்டினால் தலை ஒன்பதும் விழலாம், மூன்றும் விழலாம். அதை வைத்து நாணயத்தின் குணத்தைச் சொல்லப் புகுகிறவனை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் தடுத்து நிறுத்தும். அப்படியிருக்க, நூறு விழுக்காடு என்று ஓராண்டு சால்வை போர்த்தப்பட்ட தலைமையாசிரியர், மறு ஆண்டு 83 என்று வந்தவுடன் விளக்கக் கடிதம் எழுதும்படி ஆகிறது. இடையில் அவர் மாறவில்லை, பள்ளி மாறவில்லை. இரண்டு பிள்ளைகளின் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது.

இந்த விழுக்காட்டுக்காக நடைபெறும் மீளாய்வுக் கூட்டங்களில் நான் பலமுறை இருந்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில், தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை வரிசையாக எழுந்து நிற்கச் செய்தார்கள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், எங்கள் எல்லாருக்கும் அக்காவைப்போன்றவர், தம்முடைய பள்ளியில் கணக்குக்கு ஆசிரியரே ஏழு மாதமாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்; "காரணம் வேண்டாம், சதவீதம் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. அவர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பதினேழு-ஏ, பதினேழு-பி என்று ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் பெயரைச் சொல்லிப் பேசுவது ஆசிரியர் அறைகளில் அந்நாளில் சகஜமாயிருந்தது. காரணத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு எண்ணை மாத்திரம் வைத்துக்கொள்ளும் விசாரணை, சூளையைச் சுற்றிப் பாராமல் அகலை உடைக்கும் காரியமாகவே எனக்குப் பட்டது, இன்றும் படுகிறது.

இது நம்முடைய காலத்துப் புதுமை என்று நினைப்பதற்கில்லை. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் கொண்டுவந்த திருத்த விதித்தொகுப்பின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கு 8 ஷில்லிங் மானியம். ஆய்வாளர் வந்து பரீட்சிக்கும் நாளில் அப்பிள்ளை படிப்பதில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ், எழுதுவதில் தவறினால் அதே தொகை, கணக்கில் தவறினால் அதே தொகை என்று குறைத்துவிடுவார்கள். பலனுக்கேற்ற ஊதியம் என்பது அதன் தத்துவம். கவிஞரும் விமர்சகருமான மாத்யூ ஆர்னால்டு பள்ளி ஆய்வாளராகவும் உத்தியோகம் பார்த்தவர். தம் கையாலேயே நடத்த வேண்டியிருந்த இந்தப் பரீட்சை, பாடத்தை உயிரற்ற யந்திரமாக்கிவிடும் என்று அந்த ஆண்டிலேயே அவர் எழுதிக் கண்டித்தார். முப்பது ஆண்டுக்காலம் அந்த முறை அங்கே நிலவியது. அதற்கிடையில் கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் அதன் வாயில் அகப்பட்டன.

திண்ணைப் பள்ளிகளின் தொகை சிறிதன்று. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கி எடுத்த கணக்கில், மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்ததாக 1826-இல் பதிவாயிற்று. அப்பள்ளிகளைப் புகழ்ந்து பேசுவது என் நோக்கமன்று. அங்கே பிரம்பு இருந்தது, அந்தக் கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம், ஊரின் ஒரு பாதி திண்ணையில் கால் வைக்கவே முடியாது. ஆனால் அந்த ஆசிரியர் கூலியை ஊரிலிருந்து பெற்றார்; நெல்லாகவோ காசாகவோ, பிள்ளை கற்றது போதும் என்று வீட்டார் கண்ணால் கண்டு கொடுத்தார்கள். பலன் மானியம் வந்தபின், ஆய்வாளர் வரும் ஒரு நாளை நோக்கியே ஆண்டு முழுவதும் நகரலாயிற்று. 1904-இல் கர்ஸன் பிரபுவின் அரசாங்கம் வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம், பரீட்சைகளின் ஆதிக்கத்தைக் குறைகூறி, பலனுக்கேற்ற மானியம் என்னும் முறையையும் கைவிடச் சொல்லிற்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், நம்மை ஆண்ட அந்நியர்களே தோற்றுப்போன வழி என்று விட்ட ஒன்று அது.

விட்டவர்கள் விட்டபடி இருக்கவில்லை. அமெரிக்காவில் 2002-இல் கையெழுத்தான சட்டமொன்று, 2014-க்குள் நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் கணக்கிலும் வாசிப்பிலும் தகுதி பெற்றாக வேண்டும் என்று விதித்தது. நூற்றுக்கு நூறு. அட்லாண்டா நகரத்தில் 2009-ஆம் ஆண்டுப் பரீட்சைத் தாள்களில் பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துச் சரியான விடைகளைக் குறித்ததாக, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் மாநில விசாரணை 2011-இல் பெயர் சொல்லிக் காட்டியது. அவர்களில் பதினொருவர் 2015-இல் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அன்று, அவர்களைக் குற்றம் சொல்லும் மனநிலை எனக்கு வரவில்லை. அழிரப்பரைக் கையில் எடுப்பதற்கு முன் அவர்கள் எத்தனை கூட்டங்களில் எழுந்து நின்றிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்தில் அழிரப்பர் தேவைப்படவில்லை. அதற்கு வேறு வழிகள் உண்டாயின. ஜனவரி பிறந்தவுடன் 'மெல்லக் கற்போர்' என்றொரு பட்டியல் தயாராகும். அந்தப் பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்கு 'மினிமம் மெட்டீரியல்' என்று ஒரு மெலிந்த தாள்கட்டு. கணக்கில், செய்முறை வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு, ஆகப் பதினாறு. ஒரு மதிப்பெண் வினாக்களில் பத்தாவது தேறும். மிச்சத்துக்கு நாலைந்து கணக்குகளை மனப்பாடம் செய்தால் முப்பத்தைந்து. கணக்கை மனப்பாடம் செய்வது என்ற சொற்றொடரை நானே என் வாயால் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் மூவரின் தாய்மார் பீங்கான் பட்டறையில் வேலை செய்தவர்கள். பத்து அங்குல அச்சில் வார்த்த பொம்மை, உலர்ந்து வெந்து வெளியே வரும்போது ஏறக்குறைய ஒன்பது அங்குலமாகச் சுருங்கும் என்பதும், ஆகவே ஒன்பது அங்குலப் பொம்மை வேண்டுமானால் அச்சை எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும் என்பதும் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் நித்தியம் புழங்கும் விவகாரம். விகிதமும் வடிவொப்புமையும் அவர்கள் கையில் இருந்தன; பாடப் புத்தகத்திலும் இருந்தன. இரண்டையும் சேர்த்துக் காட்ட எனக்கு ஒரு வாரம் வேண்டியிருந்தது. அந்த ஒரு வாரம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

பரீட்சையே வேண்டாம் என்கிறேனா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. பரம்பரையாக நிலமும் ஏடும் வைத்திருந்தவர்களுக்குப் பரீட்சை ஒரு சடங்கு. ஒன்றும் இல்லாதவர்களுக்கு அதுவே கதவு. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒரே தகுதியால் தபால் உத்தியோகமும் மின்வாரிய உத்தியோகமும் பெற்று, ஒரு தலைமுறையையே சேரியிலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து நகரத்துக்கும் தூக்கிவிட்டவர்களை நான் அறிவேன். அளவே இல்லாத இடத்தில் அலட்சியம் குடியேறும் என்பதும் எனக்குத் தெரியும். 2009-ஆம் ஆண்டுச் சுற்றைச் சேர்ந்த பீசா என்னும் சர்வதேசப் பரீட்சையில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டு ஏறக்குறையக் கடைசி இடத்தில் நின்றன. அந்தச் செய்தி 2011 டிசம்பரில் வந்தபோது பலர் கோபித்தார்கள். கேள்விகள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானவை என்றார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனாலும் நன்றாகத் தேறியதாக நாமே சான்றிதழ் கொடுத்த பிள்ளைகள், முன்பின் பாராத ஒரு பத்தியை வாசித்துப் பொருள் சொல்லத் திகைத்தார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. அந்தப் பரீட்சையில் ஒரு பிள்ளைக்கும் தோல்வி என்று சீட்டு வரவில்லை, ஓர் ஆசிரியரும் எழுந்து நிற்கவில்லை. அது சூளையைப் பற்றிச் சொன்ன சாட்சியம். நாடு அதன்பின் அடுத்த சுற்றுகளுக்குப் போகாமல் ஒதுங்கிக்கொண்டது. கூம்பு வளையவில்லையென்று கூம்பு வைப்பதையே நிறுத்திவிட்டோம்.

இவ்வூருக்குரிய கதையொன்றை இங்கே நினைவு கூர்கிறேன். சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்து இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். வழிப்பறிக்கு அஞ்சிய அவருக்கு, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி அருள் கிடைத்தது. 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பழமொழிக்கு வேர் இந்த ஆறுதான். கதையில் எல்லாரும் ஆற்றையும் குளத்தையும் நினைப்பார்கள். என் மனம் இடையிலுள்ள ஒரு சிறு செயலில் நிற்கும். பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் அதிலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் என்று பெயர். குளத்திலிருந்து எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. உரைத்துச் சொன்ன பிள்ளையாரைத் திருவாரூரில் இன்றும் மாற்றுரைத்த விநாயகர் என்று கும்பிடுகிறார்கள். பன்னீராயிரத்தையும் உரைகல்லில் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு துணுக்குப் போதுமாயிருந்தது. மாற்றுக் குறைந்ததென்று கண்டபின் சுந்தரர் பொன்னின்மேல் கோபிக்கவில்லை. கொடுத்தவனிடம் சென்று முறையிட்டார்.

மச்சம் எடுத்துப் பார்க்கும் பரீட்சைகள் நம்மிடம் இல்லாமலில்லை. பிரதம் என்னும் அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, பெரும்பாலும் மாவட்டத்துக்கு முப்பது கிராமங்கள் என்ற அளவில் பிள்ளைகளை ஒரு பத்தி வாசிக்கச் செய்து அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. தேசிய அடைவுத் தேர்வு 2017-லும் 2021-லும் மாதிரிப் பள்ளிகளில் நடந்தது. 2024 டிசம்பரில் வேறு பெயரில் மறுபடியும் நடந்தது. பிள்ளையின் பெயரில்லாமல், பள்ளியைத் தண்டிக்காமல், மாவட்டத்தின் நிலையை அறிவதற்கு இவை உதவும். ஆனால் நிர்வாகத்தின் கைப்பழக்கம் விசித்திரமானது. எந்தச் சாட்சியையும் கொஞ்ச நாளில் நீதிபதியாக்கிவிடும். மாதிரித் தேர்வுக்கும் முன்பயிற்சித் தாள்கள் அச்சாகும். மாவட்டம் எத்தனையாவது இடம் என்று கேள்வி வரும். கடலூரும் விழுப்புரமும் திருவண்ணாமலையும் தேர்ச்சிப் பட்டியலின் அடிவரிசையில் பல ஆண்டுகள் கிடந்த கதை போதாதென்று புதிதாக ஒரு பட்டியல் சேரும். பள்ளி விவரங்களைத் திரட்டும் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றுவதற்கென்றே பள்ளி நேரத்தில் பாதி போகிறதென்று இன்றைய ஆசிரியர்கள் என்னிடம் வந்து சொல்லும்போது, நெருப்பைப் பார்க்க வேண்டிய ஆள் கூம்புகளை எண்ணிக்கொண்டிருக்கும் காட்சி கண்முன் வருகிறது.

நல்ல காரியங்கள் நடந்ததையும் சொல்லவேண்டும். 2017 மே மாதம், மாநிலத்தில் முதலிடம் இரண்டாமிடம் என்று மாணவர்களின் பெயரை வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு கைவிட்டது. அந்தத் தரவரிசைக்காக நடந்த வியாபாரத்தின் ஆரவாரம் ஒரே நாளில் பாதி அடங்கிற்று. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே உருவேற்றிய பள்ளிகளுக்குத் தடையாகப் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் உத்தரவு பிறந்தபோது, இத்தனை காலமும் வகுப்பறைக்குள் இருந்த பயம் பத்து வயதுக் குழந்தையின் வீட்டுக்குள்ளும் போய்விடும் என்று நாங்கள் நடுங்கினோம். 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இவையெல்லாம் ஆறுதல்கள். ஆயினும் அயல் மாவட்டமாகிய அரியலூரில், குழுமூர் என்னும் கிராமத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 வாங்கிய அனிதா, 2017 செப்டம்பர் முதல் தேதியன்று உயிர் துறந்ததை இப்பக்கத்து ஆசிரியர் எவரும் மறக்க இயலாது. பன்னிரண்டு ஆண்டு ஓர் அளவுகோலைக் காட்டி, இதை எட்டு, இதை எட்டினால் வாழ்வு என்று சொன்னோம், அவள் எட்டினாள், எட்டிய பிறகு மருத்துவ நுழைவுத்தேர்வு என்று வேறொரு கோல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தக் குழந்தையிடம் வாக்குத் தவறியவர்களில் நாமும் சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் எனக்கு இன்றுவரை நீங்கவில்லை.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இவ்வூரின் பெயரையே இயற்பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலம், 1906-இல் இதே மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர், பி.ஏ. தேறியது 1931-இல். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. புதுமைப்பித்தன் என்ற பெயரில் அவர் தமிழுக்குச் செய்தது பிற்காலத்துச் சரித்திரம். இன்றைய பலகை அன்று அவர் படித்த இடத்தில் தொங்கியிருந்தால், தாமதமாகத் தேறும் அந்த இளைஞரின் பெயர் எந்தக் கட்டத்தில் ஏறியிருக்குமோ என்று நான் சில வேளை நினைத்துக்கொள்வேன்.

விழுக்காட்டின் தீமை பத்தாம் வகுப்பில் தொடங்குவதில்லை. அதற்கு ஓராண்டு முன்னதாகத் தொடங்குகிறது. தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளை பத்தாம் வகுப்பில் பெயர் ஏறுமுன் ஒன்பதாம் வகுப்பிலேயே விலகிவிட்டால் எழுதியோர் எண்ணிக்கை ஒன்று குறையும். தேறியோர் எண்ணிக்கை குறையாது. வகுத்துப் பார்த்தால் பின்னம் பெரிதாகும். எந்த உத்தரவிலும் இது எழுதப்பட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும். கணக்கு வாத்தியாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தன்னிடம் படிக்க வந்த பிள்ளையையே தனக்கு வரப்போகும் ஆபத்தாக ஓர் ஆசிரியன் பார்க்கத் தொடங்குகிற இடம் இதுதான்; ஏழைப் பிள்ளைக்கும் பள்ளிக்கும் இடையே வேறு எந்தப் பந்தமும் இல்லாத நம் கிராமங்களில், அந்த ஒரு பார்வை திரும்பிவிட்டால் அப்புறம் அவனுக்கென்று ஒன்றும் இல்லை.

நானும் அப்படிப் பார்த்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒரு பையன் வகுப்பில் கடைசி வரிசைச் சுவரோரம் உட்காருவான், கேட்டால் எழுந்து நிற்பான், பேசமாட்டான். முந்திரிக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வருவான். மே மாதத்தில் அவன் தாயைக் கூப்பிட்டு அனுப்பினேன். தோப்பிலிருந்து நேராக வந்திருந்தாள். கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரல்களின் தோல் கறுத்து உரிந்திருந்தது. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, ஏதாவது தொழில் கற்றுக்கொண்டால் கையில் காசு நிற்கும், பிறகு வேண்டுமானால் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம் என்றேன். சொல்லிய ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே பார்த்தால் பொய்யன்று. அவள் என்னைக் கைகூப்பி, "நீங்க சொன்னா சரிதான் சார். எங்களுக்கு யாரு இருக்கா இதெல்லாம் எடுத்துச் சொல்ல" என்றாள்.

டி.சி. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நானே எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, நடத்தை: நன்று. அங்க அடையாளங்கள் என்ற வரியில் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்ததைப் பெயர்த்து எழுதுமுன் சரிபார்க்க வேண்டி, தலை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். ஓராண்டு என் வகுப்பில் இருந்த பிள்ளையின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே ஒரு மச்சம். மறு ஆண்டு எங்கள் பள்ளி நூறு விழுக்காடு எடுத்தது. பலகையில் அதைச் சிவப்பு மையால் எழுதினோம். நான் பார்த்துக்கொண்டிருப்பதை அறிந்து, எழுத எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று, கேளாமலே அந்தப் பையன் தன் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றான்.